மூக்குக்கு முக்கால் கிலோ ஈயம்

பெரிய ரிமோட் விமானம் வைத்திருப்பவர்களிடம் ஒரு கூச்சத்தைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் என்ன விலை என்று கேட்டால் ரசீதையே எடுத்து நீட்டுவார்கள். சர்வோ (வால், இறக்கைத் தகடுகளை அசைக்கிற குட்டி மோட்டார்) எந்த பிராண்ட், கியர் டைட்டானியமா என்று கேட்டால் இறக்கையைக் கழற்றியே காட்டுவார்கள். சமநிலைக்காக மூக்கில் எவ்வளவு ஈயம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கிவிடும். "கொஞ்சந்தாண்ணே..." அந்தக் கொஞ்சம் இருநூறு கிராமா எண்ணூறு கிராமா என்று கடைசி வரை வாயைத் திறக்க மாட்டார்கள்.

இந்தக் கூச்சம் தேவையில்லாதது மட்டுமில்லை, ஆபத்தானதும் கூட. ஈயம் கூடிவிடக் கூடாதே என்று பயந்து விமானத்தின் எடை மையமான சி.ஜி. புள்ளியை "பத்து மில்லி பின்னாடி இருந்தா என்ன ஆயிடும்" என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. எங்கள் திடலைச் சுற்றி நிற்கிற செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்கள் அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கின்றன.

ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பஸ் போர்டில் மாறியது, எங்கள் வாயில் இன்னும் மாறவில்லை. மலேசியாவில் வியாபாரத்துக்கென்று செம்பனையை முதன்முதலில் நட்டது இங்கேதான், தென்னமரம் தோட்டத்தில், 1917-இல். இன்னொரு பக்கம் ஈயம் தோண்டிய குட்டைகள். ராட்சச மண்வாரிக் கப்பல்கள் மிதந்த இடமெல்லாம் இன்று தண்ணீர். 1985-இல் உலகச் சந்தையில் விலை சரிந்த பிறகு அந்தத் தொழிலும் சரிந்தது. அது வெள்ளீயம். "ஈயத்து ஊர்லயே இருந்துக்கிட்டு ஈயத்துக்கு அலையுறீங்களே" என்று கிண்டல் பண்ணுகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். நமக்கு வேண்டியது காரீயம். ஒரு கிலோ வெள்ளீயம் 137 சிசி இடத்தை அடைக்கும். காரீயத்துக்கு 88 சிசி போதும். மூக்குக்குள் இடமே இல்லாத விமானத்தில் இந்த வித்தியாசம் பெரிசு. டங்ஸ்டன் 52 சிசியில் அடங்கிவிடும், ஆனால் அந்த விலையைப் பேசினால் வீட்டில் சோறு கிடைக்காது.

பெரிய விமானம் என்றால் எவ்வளவு பெரிசு? இந்தப் பொழுதுபோக்கில் பரவலாக இருக்கும் கணக்கு: ஒற்றை இறக்கை என்றால் 80 அங்குலத்துக்கு மேல், இரட்டை இறக்கை என்றால் 60 அங்குலத்துக்கு மேல். நான் இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது முதல் உலகப் போர்க்காலத்து சொப்வித் கேமல். இரட்டை இறக்கை, நிஜத்தில் 28 அடி அகலம். நாலில் ஒரு பங்கு அளவில் செய்தால் 2.13 மீட்டர். எங்கள் கூட்டத்தில் செம்பனை மில் ஃபிட்டர் அண்ணன் ஒருவர் கட்டியிருப்பது இதைத்தான். நான் பார்த்ததிலேயே அதிகமாக ஈயம் தின்கிற விமானமும் இதுதான்.

ஏன் தின்கிறது என்பதற்குக் காரணம் நிஜ விமானத்திலேயே இருக்கிறது. கேமலின் மூக்கு கட்டை. எஞ்சின், விமானி, இரண்டு துப்பாக்கி, பெட்ரோல் எல்லாவற்றையும் முன்பக்க ஏழு அடிக்குள் அடைத்திருந்தார்கள். மூக்கு கட்டையாக இருந்தும் அது சமநிலையில் நின்றதற்குக் காரணம், முன்னால் சுழன்ற கிளெர்ஜே எஞ்சின். 173 கிலோ. விமானத்தை நாலில் ஒரு பங்காகச் சுருக்கும்போது எடை நாலில் ஒரு பங்காகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் அறுபத்து நாலில் ஒரு பங்காகும். 173-ஐ 64-ஆல் வகுத்தால் 2.7 கிலோ. அதாவது நம் மாடலின் மூக்கில் நியாயமாக இருக்க வேண்டியது 2.7 கிலோ இரும்பு. நாம் மாட்டுவது நாற்பது, ஐம்பது சிசி பெட்ரோல் எஞ்சின். மஃப்ளர், இக்னிஷன் பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோ பக்கம் வரும். மிச்சம் ஒரு கிலோவுக்கு மேல் எங்கே போயிற்று? அந்தப் பள்ளத்தில்தான் ஈயம் போய் உட்காருகிறது. கட்டியவர் கைவேலையில் குறை இல்லை. நம் காலத்து எஞ்சின் மெலிந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. பெரிய மாடல்களுக்கு ஆரம்பத்தில் வந்த பெட்ரோல் எஞ்சின்கள் பல, மரம் அறுக்கும் மெஷினிலிருந்தும் புல்வெட்டும் மெஷினிலிருந்தும் பிறந்தவை. தோட்டத்தில் காலையிலிருந்து மாலை வரை அலறிக்கொண்டிருக்கிற அதே ஜாதி. அவற்றில் கனமான ஃப்ளைவீலும் மேக்னெட்டோவும் இருக்கும். "எடை குறையட்டும்" என்று அதைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டு, அப்புறம் அதே எடைக்கு ஈயம் வாங்கி அதே இடத்தில் ஒட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். நீண்ட மூக்கு விமானத்துக்கு இலேசான எஞ்சின் சரி. கட்டை மூக்குக்குப் பழைய கனத்த எஞ்சின்தான் ராஜா. வேலை செய்யாத ஈயத்தைவிட, தீப்பொறி தருகிற இரும்பு மேல்.

இனி கணக்கு. தூரமும் எடையும் பெருக்கல், அவ்வளவே. பழைய பால்மரக் (ரப்பர்) காட்டில் இரண்டு வாளிப் பாலையும் காண்டா கம்பில் மாட்டித் தூக்கியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாளி நிறைந்து மற்றது அரைவாளி என்றால் தோளைக் கனத்த பக்கமாக நகர்த்திக்கொள்வார்கள். விமானத்தில் தோளை நகர்த்த முடியாது, இறக்கை இருக்கிற இடத்தில்தான் இருக்கும். வாளியைத்தான் மாற்ற வேண்டும்.

அண்ணனின் கேமல் 9.5 கிலோ. முதலில் நிறுத்தபோது சி.ஜி. இருக்க வேண்டிய இடத்துக்கு 25 மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. ஈயம் வைக்கத் தோதான இடம் சி.ஜி.க்கு 300 மில்லிமீட்டர் முன்னால். 9,500-ஐ 25-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 790 கிராம். அதே ஈயத்தை இன்னும் ஆறு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி 360-இல் வைக்க முடிந்தால் 660 கிராம் போதும். 130 கிராம் சும்மாவே மிச்சம். அதனால்தான் எஞ்சினை மூடுகிற கவுலிங்கின் முன் உதட்டுக்கு உட்புறமாக வளையம்போல் ஈயம் பதிப்பது, பார்வைக்காக வைக்கிற பொய் சிலிண்டர்களுக்குள் ஈயக்குண்டு நிரப்புவது, புரொப்பெல்லர் நடுவில் இருக்கிற கூம்பான ஸ்பின்னருக்குப் பித்தளை நடுக்கட்டை போடுவது என்றெல்லாம் மெனக்கெடுகிறார்கள். எஞ்சின் மாட்டுகிற பலகையான ஃபயர்வாலுக்குப் பின்னால் கை எட்டுகிற இடத்தில் ஒட்டிவிட்டுப் போகிறவர் சோம்பேறித்தனத்துக்குக் கிராம் கணக்கில் வரி கட்டுகிறார்.

ஆனால் ஈயத்தைத் தொடுவதற்கு முன்னால் வாலைப் பார்க்க வேண்டும். இந்த விமானத்தில் சி.ஜி.யிலிருந்து வால் 900 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. மூக்கு 300. அப்படியானால் வாலில் ஒரு கிராம் குறைத்தால் மூக்கில் மூன்று கிராம் ஈயம் மிச்சம். அண்ணன் வாலில் மூன்று சர்வோ வைத்திருந்தார், ஒன்று 60 கிராம், மொத்தம் 180. அவற்றைக் கழற்றி விமானி இருக்கைக்குக் கீழே கொண்டுவந்து, வாலுக்கு மெல்லிய கம்பிவடம் இரண்டு பக்கமும் இழுக்கிற மாதிரி போட்டாலே மூக்கில் 500 கிராமுக்கு மேல் குறையும். நிஜ கேமலிலும் வாலுக்குக் கம்பிவடம்தான் போனது, ஆகவே பார்வைக்கும் அதுவே சரி.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "கம்பி தளரும் தம்பி. நம்ம வெயில்ல மரம் ஒரு அளவு, மழையில ஒரு அளவு. காலையில டைட்டா இருக்கிறது மத்தியானம் தொங்கும். நான் ஈயமே போட்டுக்கிறேன்."

நான் என்ன சொல்ல? முப்பது வருஷம் மில்லில் செயினும் பெல்ட்டும் இறுக்கிய கை அது. அவர் சொன்னதில் உண்மை உண்டு. நான் என்றால் வடம்தான் போட்டிருப்பேன், ஆனால் பறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு இருக்கிறது. பாதி வழியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது: மூக்கை ஏற்றி இறக்குகிற எலிவேட்டரின் சர்வோ இரண்டும் வாலிலேயே, இடவலம் திருப்புகிற ரட்டர் மட்டும் வடத்தில். கூடவே வாலில் தேவைக்கு மேல் பூசியிருந்த எப்போக்சிப் பசையும், கனத்த வால் சக்கரக் கம்பியும் போயின. ரிசீவர் பேட்டரி, இக்னிஷன் பேட்டரி இரண்டும் எஞ்சின் மவுண்டுக்குக் கீழே போயின. இப்படி நகர்த்த முடிந்ததையெல்லாம் நகர்த்திய பிறகு மிஞ்சுகிற கடன்தான் ஈயம். அதைக் கட்டியே ஆக வேண்டும்.

அந்த ஈயத்தால் விமானம் கெட்டுவிடும் என்ற பயம் எவ்வளவு நியாயம்? முழு 790 கிராமையும் போட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எடை 8 சதவீதம் கூடும். காற்றில் தொங்கி நிற்கக்கூடிய ஆகக் குறைந்த வேகம் எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் அது 4 சதவீதம்தான் கூடும். தரையிறங்கும்போது உங்கள் கட்டைவிரலுக்கு அது தெரியக்கூட தெரியாது. மறுபக்கம் பாருங்கள்: இறக்கையின் முன்பின் அகலம் 35 சென்டிமீட்டர் என்றால் அதில் 5 சதவீதம் 17.5 மில்லிமீட்டர். விமானம் தானாக நிமிர்ந்துகொள்கிற குணம் முழுவதும் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து சதவீத இடைவெளிக்குள்தான் இருக்கிறது. 25 மில்லிமீட்டர் பின்தங்கினால் அந்தக் குணத்தில் பெரும்பகுதி போச்சு. எலிவேட்டரை மயிரிழை தொட்டாலும் மூக்கு வானத்தைப் பார்க்கும், இறக்கினால் குப்புற விழும், அதைத் துரத்திக்கொண்டே போவீர்கள். திடல்களில் புழங்குகிற பேச்சு ஒன்று: மூக்கு கனத்த விமானம் சுமாராகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும்.

நிறுப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது இங்கேதான். சின்ன விமானத்தை இரண்டு விரல் நுனியில் ஏந்திப் பார்த்துவிடலாம். பத்து கிலோவை விரலில் ஏந்த முடியாது. இரண்டு பேர் ஏந்தினால் "உன் பக்கம் தூக்கு, என் பக்கம் இறக்கு" என்று சண்டை வரும். கயிற்றில் தொங்கவிடுவதும் உண்டு, இரட்டை இறக்கையில் கயிறு மாட்டுவதே ஒரு வித்தை. எனக்குப் பிடித்தது மூன்று தராசு முறை.

வீட்டு அஞ்சடியில் (முன் தாழ்வாரத்தில்) செய்தோம். சிமெண்ட் தரை மட்டமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் வடிய எப்போதும் ஒரு பக்கம் சரித்துத்தான் கொத்தனார் பூசியிருப்பார். முன் சக்கரம் இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு டிஜிட்டல் தராசு. வாலுக்குக் கீழே ஒரு ஸ்டூல், அதன் மேல் மூன்றாவது தராசு. விமானம் பறக்கிற நிலையில், அதாவது மூக்கும் வாலும் மட்டமாக நிற்க வேண்டும். வாலைத் தரையில் விட்டு நிறுத்தால் கணக்கு முழுக்கப் பொய். சக்கரங்கள் தராசின் மேல் இறுகி நிற்கக் கூடாது, இலேசாக உருட்டி விட்டு எண் நிலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். இரண்டு மீட்டர் இறக்கைக்கு மேல் விசிறி சுழன்றால் தராசில் எண் ஆடிக்கொண்டே இருக்கும். அண்ணி உள்ளேயிருந்து, "வேர்க்குதே, ஃபேன் ஏன் நிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று வந்த எண்: முன் சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 8,600 கிராம், வால் 900. சக்கர அச்சிலிருந்து வால் தாங்கி வரை 1,050 மில்லிமீட்டர், தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து அளந்தது. வால் எடையை அந்த நீளத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுக்க வேண்டும். 900 பெருக்கல் 1,050 வகுத்தல் 9,500. அச்சுக்குப் பின்னால் 99 மில்லி சொச்சம். வரைபடப்படி இருக்க வேண்டியது 75. நான் மேலே சொன்ன 25 மில்லி இப்படிக் கிடைத்ததுதான். லோரியை ஏற்றி இறக்கி நிறுக்கிற மில்காரருக்கு இந்த முறை உடனே பிடித்துப்போனது. எழுதி வைத்த காகிதத்தை இன்னும் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

டாங்க் காலியாக இருக்கும்போது நிறுக்க வேண்டும். பெட்ரோல் டாங்க் பெரும்பாலும் சி.ஜி.க்கு முன்னால் இருக்கும். அரை லிட்டர் பெட்ரோல் 370 கிராம். அது 150 மில்லி முன்னால் இருந்தால், தீரும்போது சி.ஜி. கிட்டத்தட்ட 6 மில்லி பின்னால் போகும். முழு டாங்க்கில் நிறுத்து "கச்சிதம்" என்று சந்தோஷப்பட்டவர், கடைசிச் சுற்றில், இறங்கப் போகிற நேரத்தில் வேறொரு விமானத்தை ஓட்டிக்கொண்டிருப்பார். இது நிஜ விமானங்களுக்கும் உள்ள தலைவலிதான். கன்கார்ட் விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது எரிபொருளைப் பின் டாங்க்குக்கு பம்ப் பண்ணி சமநிலையை நகர்த்தியது. நம்மிடம் அந்த பம்ப் இல்லை.

ஈயம் எங்கே கிடைக்கும்? டயர் கடையில். வீல் பேலன்ஸ் பண்ணும்போது ரிம்மில் ஒட்டுகிற பட்டை, ஐந்து கிராம் பத்து கிராம் துண்டுகளாக வெட்டி எடுக்கலாம். காந்தம் கொண்டு போங்கள். இப்போது வருகிறவற்றில் பல இரும்பு, கனத்தை வைத்து மட்டும் சொல்ல முடியாது. நிறைய வேண்டுமென்றால் கோலசிலாங்கூர் பக்கம் பாசிர் பெனாம்பாங்கில் வலைச் சாமான் விற்கிற கடைகள். வலைக்கும் தூண்டிலுக்கும் கட்டுகிற ஈயக்குண்டு கிலோ கணக்கில் கிடைக்கும்.

சிலர் ஈயத்தை உருக்கி வார்க்கிறார்கள். 327 டிகிரியில் உருகிவிடுவதால் அடுப்பிலேயே செய்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் நீராவி வெடித்து உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். நம் ஊர்க் காற்றில் எது முழுசாகக் காய்ந்திருக்கிறது? தூண்டில் ஈயச் சில்லுகளை எப்போக்சியில் பிசைந்து, வேண்டிய வடிவ டப்பாவில் இறுகவிட்டால் போதும். ஈயத்தை அரம் போட்டு ராவினால் தூளைக் கூட்டித் துணியில் துடையுங்கள், கையைக் கழுவாமல் பசியாறப் போகாதீர்கள், பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் செய்யவே செய்யாதீர்கள்.

அதை எப்படி மாட்டுவது என்பதில்தான் எனக்குக் கோபம் வரும். பசை மட்டும் போட்டு ஒட்டாதீர்கள். ஒற்றைச் சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் அதிர்கிற அதிர்ச்சியும், கவுலிங்குக்குள் ஏறுகிற சூடும் சேர்ந்தால் எந்த ஒட்டும் பட்டையும் ஒரு நாள் விடும். விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும்: துண்டு முன்னால் போய் புரொப்பெல்லரை அடிக்கும், அல்லது பின்னால் உருண்டு வால் பக்கம் போய் உட்காரும். முரட்டுத்தனமாகத் தரையிறங்கும்போது பத்து ஜி, அதாவது எடையைப் போல் பத்து மடங்கு, அடி சாதாரணம். அந்த நொடியில் 600 கிராம் ஈயம் ஆறு கிலோவாக இழுக்கும். ஆகவே போல்ட். ஈயத்தைத் தட்டையான தகடுகளாகச் செய்து, துளையிட்டு, அகலமான வாஷர் வைத்து, ஃபயர்வாலுக்குப் பின்னால் ஒரு பிளைவுட் துண்டு கொடுத்து, நைலான் பூட்டு நட்டால் இறுக்குங்கள். எஞ்சினுக்குக் குளிர்காற்று போகிற வழியை மறைத்துவிடாதீர்கள்.

தகடாகச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணம், ஈயத்தை அப்புறம் கழற்றவும் வேண்டும். முதல் பறப்புக்கு மூக்கை வேண்டுமென்றே கொஞ்சம் கனமாக வைப்பது நல்லது. பிறகு விமானமே சொல்லும். 45 டிகிரியில் மேலே ஏற்றிவிட்டு மல்லாத்திப் பிடியுங்கள். எலிவேட்டரை விட்டதும் மூக்கு தடாலென்று தரையைப் பார்த்தால் ஈயம் கூடுதல், மெல்ல வளைந்தால் சரி, மேலேயே ஏறப் பார்த்தால் உடனே இறக்கி ஈயம் சேருங்கள். கேமலை மல்லாத்துவதற்கு அண்ணன் விடமாட்டார், அது வேறு விஷயம். அவர் விமானத்தில் வேகம் செத்து 'ஸ்டால்' ஆகும்போது மூக்கு எப்படி விழுகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு தகடு மட்டும் கழற்றினோம்.

பக்கவாட்டையும் சொல்லிவிடுகிறேன். மஃப்ளர் ஒரு பக்கம் தொங்குகிற எஞ்சினில் ஒரு இறக்கை எப்போதும் கனக்கும். இலேசான இறக்கையின் நுனியில் பத்துப் பதினைந்து கிராம் போதும். அங்கே தூரம் அதிகம். அதற்குப் பதில் இறக்கைத் தகட்டை (ஐலரான்) நிரந்தரமாகக் கொஞ்சம் திருப்பி, அதாவது டிரிம் வைத்துச் சமாளிக்கிறவர்கள் மெதுவாக இறங்கும்போது ஒரு பக்கம் சாய்வார்கள்.

சட்டம்: மலேசியாவில் ஆளில்லா விமானம் 20 கிலோவைத் தாண்டினால் தனி அனுமதி வேண்டும், அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேல் போகக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. ஈயமும் எடைதான். பதினெட்டு பத்தொன்பது கிலோவில் கட்டத் திட்டம் போடுகிறவர்கள் மூக்குக்கு ஒன்றரை கிலோ ஒதுக்கி வைத்துவிட்டு மரத்தை வெட்டுங்கள்.

இப்போது எங்கள் கூட்டத்துத் தம்பி ஒருவன் ட்வின் பயனியர் கட்டப் போகிறேன் என்று நிற்கிறான். மலாயா ஆகாயப் படைக்கு 1958-இல் வந்த முதல் விமானம், பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் 'லாங் ராஜாவாலி' என்று பெயர் வைத்தது. காட்டுக்குள் குட்டி ஓடுபாதைகளில் ஏறி இறங்கியது. எட்டில் ஒரு பங்கு அளவில் 2.9 மீட்டர் இறக்கை வரும். நான் வரைபடத்தைப் பார்த்தவுடன் வாலைத்தான் எண்ணினேன். செங்குத்து வால் மூன்று, மூன்றுக்கும் ரட்டர். எஞ்சின் இரண்டும் இறக்கையில். மூக்கில் ஒன்றுமே இல்லை.

"அண்ணே, மூணு ரட்டருக்கும் தனித்தனி சர்வோ வைக்கலாம்னு இருக்கேன், வால்லயே" என்றான்.

ஃபிட்டர் அண்ணன் தே தாரேக்கை உறிஞ்சியபடி என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை எடுத்து 180 என்று எழுதி, பக்கத்தில் வால் தூரம் எவ்வளவு என்று கேட்டேன்.